இரட்டை வளையம் போட்ட வால்கள்

எங்கள் பொலானா ஊரில் ஸ்டெஃபா ஹ்ரின்சுக்கை ‘எலிக்காரி’ என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இதை எழுத உட்காரும்போதே எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. யார்மேல் கோபம் என்று கேட்டால், ஊர்மேல் பாதி, அவள் தம்பி ஓரெஸ்ட்மேல் கால், மிச்சக் கால் என்மேல்.

என் பெயர் கொர்னேல். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய தானியக் கிடங்கில் எடை போடுகிறவன். கோதுமை லாரி வந்தால் எடை பார்த்துச் சீட்டு எழுதுவேன். கொர்னேல் எண்ணினால் சரியாக இருக்கும் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரால்தான் வால் எண்ணுகிற வேலையும் என் தலையில் விழுந்தது.

வால் என்றால் தரையணில் வால். புல்வெளியில் பொந்து தோண்டி வாழ்கிற அணில். ஊரில் கோஃபர் என்போம், கேலியாக எலி என்றும் சொல்வோம். பயிரைத் தின்னும். அதன் பொந்தில் குதிரை காலை விட்டால் எலும்பு முறியும். அதனால் ஒவ்வொரு மார்ச்சிலும், பனி முழுக்கக் கரையும் முன்பே, இரண்டு வாரம் சுடும் போட்டி நடக்கும். சுட்டவன் வாலை மட்டும் அறுத்துச் சாக்கில் போட்டுக்கொள்வான், உடலைப் பருந்துக்கு விட்டுவிடுவான். கடைசிச் சனிக்கிழமை மதியம் ஊர்க் கூடத்தில் நான் உட்கார்ந்து எண்ணுவேன். அதிக வால் கொண்டுவந்தவனுக்கு ஒரு புதுத் துப்பாக்கி. வெங்காயம் வதக்கிப் போட்ட பெரோகிக் கொழுக்கட்டையைத் தட்டுத் தட்டாகப் பரிமாறுவார்கள். ஊருக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியில் எல்லோரும் வயிறு முட்டத் தின்போம்.

பத்து வருடம் எண்ணினேன். வருடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் வால். கோடையில் வயலில் போய் நின்றால் அணில் கூட்டம் போன வருடம் இருந்த அளவுக்கே இருக்கும். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டவள் ஸ்டெஃபா ஒருத்திதான். கேட்டதற்குத்தான் எலிக்காரி என்ற பட்டம்.

அவள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. உயரமான பொம்பளை, ஆம்பளைக் கை, வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. பீட்ரூட் சூப் வைத்தால் வாத்தியார்கள் இரண்டாம் முறை தட்டை நீட்டுவார்கள். பொலானாவுக்கு மேற்கே இரண்டு மைலில் அவர்கள் பண்ணை. அப்பா, அம்மா, இவள், நாலு வயது இளையவன் ஓரெஸ்ட்.

ஓரெஸ்ட் பத்தொன்பது வயதில் வடக்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான். மூன்று ஊரில் மூன்று கல்யாணம் செய்தான், மூன்றையும் விட்டுவிட்டு வந்தான். அம்மா பக்கவாதத்தில் ஆறு வருடம் படுக்கையில் கிடந்தாள். திருப்பிப் படுக்க வைத்தது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் ஸ்டெஃபா. அப்பாவுக்குக் கண் போன பிறகு டிராக்டர் ஓட்டியதும் ஸ்டெஃபா. அப்பா செத்ததும் உயிலைப் பிரித்தார்கள். நிலம் முழுக்க மகனுக்கு. மகள் ‘கல்யாணம் ஆகும்வரை’ வீட்டில் குடியிருக்கலாம். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது.

இதை ஊரில் யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. நிலம் மகனுக்கு, அவ்வளவுதான். அதிலும் ஒரு நாற்பது ஏக்கர் மேய்ச்சல் இருக்கிறது, அது அப்பன் சம்பாதித்ததுகூட இல்லை. அவள் அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. இன்றைக்கும் எல்லோரும் ‘அம்மா மேய்ச்சல்’ என்றுதான் சொல்கிறோம். சொல்லிக்கொண்டே அதையும் ஓரெஸ்ட் பெயருக்கு எழுதிக் கொடுத்தோம். உயிலில் சாட்சிக் கையெழுத்து போட்டது என் அப்பா.

ஒரு தடவை அவளுக்குச் சம்பந்தமும் வந்தது. மனைவியை இழந்த ஒருவன், பக்கத்து ஊர்க்காரன். இரண்டு ஞாயிறு வந்து காப்பி குடித்தான். மூன்றாம் ஞாயிறு நிலம் யார் பெயரில் என்று கேட்டான். நாலாம் ஞாயிறு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து மார்னி என்ற மாணவி ஒரு பழைய வேனில் வந்து அம்மா மேய்ச்சலில் இறங்கினாள். தரையணிலைப் பற்றி ஆராய்ச்சி. கூண்டு வைக்கவும் பிடிக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்றாள். ஸ்டெஃபா கோடை விடுமுறைக்கு என்று சேர்ந்தவள், விடவே இல்லை. கூண்டில் வேர்க்கடலை வெண்ணெய் தடவி வைப்பாள். மாட்டியதைத் துணிப்பைக்குள் தள்ளிக் காதில் எண் போட்ட சிறு தகடு குத்துவாள். முதுகில் கறுப்பு டையால் அடையாளம் போட்டு விடுவாள். பிறகு மேட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, யார் யாரோடு சண்டை, யார் எங்கே போகிறான் என்று நோட்டில் எழுதுவாள். நாலு வருடத்தில் மார்னி படிப்பை முடித்துக் கிளம்பிவிட்டாள். ஸ்டெஃபா இன்னும் பத்து வருடம் தனியாக எழுதினாள். மருந்துக் கடையில் வருடாவருடம் ஆறு டப்பா டை வாங்குவாள். அவள் தலை முழுக்க நரை.

“எலிக்கெல்லாம் டை அடிச்சுட்டு நீ ஏண்டியம்மா வெள்ளத் தலையோட சுத்துற?” என்று கடைக்காரி கேட்டாள்.

“அதுங்களுக்குக் கல்யாணம் ஆகணும். எனக்கு எதுக்கு?” என்றாள் ஸ்டெஃபா.

அந்த நோட்டில் ஒரு பத்தி உண்டு: காணாமல் போனவை. முப்பது நாள் கண்ணில் படாவிட்டால் ‘செத்தது’ என்று எழுதச் சொல்லியிருந்தாள் மார்னி. ஸ்டெஃபா அதற்கு ஒப்பவில்லை. பிணத்தைக் கண்ணால் பார்த்தால் செத்தது; பார்க்காவிட்டால் ‘போனான்’. பக்கத்திலேயே இன்னொரு பத்தி: எதனால். பார்த்த சாவுக்கு மட்டும் அதில் எழுதுவாள். பருந்து. பொந்தைத் தோண்டி அணிலைப் பிடிக்கிற வளைக்கரடி. பனி. சண்டைக் காயம்.

இரண்டு வருடம் முன்பு, எண்ணும் நாளுக்கு முந்தைய நாள், என் கிடங்கு வாசலில் அவள் பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் ஒரு தகரத் தொட்டி. அதில் வால் அறுக்காத முழு அணில்கள். சுடுகிறவர்கள் மூன்று பேரிடம் கெஞ்சி ஒரு நாள் சுட்டதை அப்படியே வாங்கியிருந்தாள்.

“கொர்னேலு, நீதான எண்ணுறவன். இத எண்ணு.”

“வால் எங்க இருக்கோ அதான எண்ணணும்? நூத்துப் பதினெட்டு.”

“வாலுக்கு அடியில பாருடா மடையா. ஒம்போது வருஷமா வாலப் புடிச்சுப் பாத்தியே, ஒரு நாளாச்சும் தூக்கிப் பாத்தியா?”

பார்த்தேன். நூற்றுப் பதினெட்டில் நூற்றொன்பது ஆண்.

தொட்டி விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். சொல்லவில்லை, திட்டினாள். மார்ச் தொடக்கத்தில் பனிக்கு மேலே முதலில் தலை நீட்டுவது எல்லாம் ஆண்தான். பெண்கள் அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார்கள், இரண்டு வாரம் கழித்துத்தான் வருவார்கள். அதுவரை இவன்கள் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் கிழிப்பான். பெண் வெளியே வந்து மூன்று நாளோ நாலு நாளோ கழித்து ஒரே ஒரு மதியம், இரண்டு மூன்று மணி நேரம், அவ்வளவுதான் அவளுக்கு வேளை. அந்த நேரத்துக்காகத்தான் இத்தனை ரத்தம். ஏப்ரலில் பாதி ஆண்கள் செத்திருப்பான்கள், மிச்சம் காது கிழிந்து எலும்பும் தோலுமாக நிற்பான்கள்.

“நீங்க போட்டி வெச்சுச் சுடுறது யார? நாலு நாள்ல தானா அடிச்சுக்கிட்டுச் சாகப்போற ஆம்பளைய. ஒருத்தன் மிச்சம் இருந்தா போதும், அத்தன பொண்ணும் குட்டி போட்டுரும். ஒருத்தனும் இல்லன்னா அடுத்த காட்டுலேந்து எவனாச்சும் வந்துருவான். இதுக்கு ஒரு விருந்து, ஒரு துப்பாக்கி.”

“வருவான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க மேய்ச்சல்ல பொறந்த ஆம்பளைக் குட்டி ஒண்ணுகூட அங்க தங்குனதில்ல. பொறந்து ரெண்டு மாசத்துல கெளம்பிருவான். ஜெயிச்சவன்கூட அடுத்த வருஷம் அங்க இருக்க மாட்டான், அவன் பெத்ததுங்க வளந்து நிக்கும்ல. பொண்ணுங்கதான் அம்மா பொந்துக்குப் பக்கத்துலயே பொந்து தோண்டி உக்காரும். ஐம்பது அடி தாண்டாது.”

பத்து வருடத்துக்கும் மேலாக அவள் கையில் ஒரு வம்சம் இருந்தது. மார்னி முதன்முதலில் தகடு குத்திய நாலாம் நம்பர்க்காரி, அவள் மகள், அந்த மகளின் மகள் என்று, தாய்வழியில் ஒரு கண்ணி அறாமல் அதே மேட்டில். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் வாயில் கெட்ட வார்த்தை வராது.

அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் மறுநாள் கூடத்தில் உட்கார்ந்து மூவாயிரத்து எழுநூறு வாலை எண்ணினேன். எண்ணிவிட்டுப் பெரோகி தின்றேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தக் கோடையில் ஓரெஸ்ட் ஊருக்குத் திரும்பி வந்தான். ஐம்பத்துநாலு வயது, முட்டி போயிருந்தது, வடக்கே இனி வேலை கிடையாது. வந்த மாதத்திலேயே ஊருக்குச் செல்லப்பிள்ளை. கதை சொல்வான், சிரிக்க வைப்பான், பனித்தரையில் கல்லைத் தள்ளுகிற ஆட்டத்தில் ஜெயிப்பான். முப்பத்தைந்து வருடம் எட்டிப் பார்க்காதவனை ‘பாவம், வீட்டுக்கு வந்துட்டான்’ என்றார்கள். வீட்டிலேயே இருந்தவளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மாடி அறைக்கு மாறினாள். கீழ் அறை அவனுக்கு.

அடுத்த பிப்ரவரியில் ஊராட்சிக் கூட்டம். தலைவர் ஃபெடோரக், போட்டிக்குத் துப்பாக்கி நன்கொடை தரப்போகிறவன் ஓரெஸ்ட், விதி எழுதுகிறவன் நான், சுற்றி முப்பது நாற்பது பேர். ஸ்டெஃபா சமையல் ஏப்ரனோடு வந்து நின்றாள்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். இந்த வசந்தத்துல அம்மா மேய்ச்சலுக்குள்ள துப்பாக்கி வரக் கூடாது. அந்த வம்சத்துல ஒம்போது பொண்ணு மிச்சம் இருக்கு. மத்த நெலமெல்லாம் சுட்டுக்கோங்க, தலகீழா நின்னு சுடுங்க. அந்த நாப்பது ஏக்கர மட்டும் விடுங்க.”

“ஏம்மா, ஊர்ல ஒரு எடத்த விட்டா அங்கேந்துதான பரவும்?” என்றார் ஃபெடோரக். “நீயே ஆம்பள எலி ஊர் சுத்தும்னு சொல்ற.”

“சொல்றேன். அதனாலதான் சொல்றேன், நீங்க சுடுறது வேஸ்ட்டுன்னு.”

பின்வரிசையில் சிரிப்பு. ஓரெஸ்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

“அக்காவுக்கு எலிங்க மேல ஒரு இது. புருஷன் புள்ளைன்னு இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது.”

இந்தத் தடவை கூடம் முழுக்கச் சிரித்தது. ஸ்டெஃபா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“டேய், அந்த எலியே அம்மா நெலத்தப் பொண்ணுக்குத்தான் விடுது. ஆம்பளப் புள்ள கெளம்பிப் போயிருவான், போனவன் திரும்பி வந்து என் நெலம்னு சட்டம் பேச மாட்டான். அதுக்கு இருக்குற அறிவு இங்க எவனுக்கும் இல்ல.”

சிரிப்பு நின்றது. ஓரெஸ்ட் கழுத்து சிவந்தது. ஆனால் ஊர் பார்க்கிறதே. எழுந்து நெஞ்சில் கை வைத்தான்.

“சரிக்கா. இந்த வருஷம் அம்மா மேய்ச்சல்ல ஒரு துப்பாக்கியும் நுழையாது. நெலத்துக்காரன் சொல்றேன். இது என் வார்த்த. கொர்னேலண்ணே, விதியில எழுதிக்கோ.”

எழுதினேன். ஏழாவது விதி: அம்மா மேய்ச்சலில் சுட்ட ஒரு வால் இருந்தாலும் அந்தச் சாக்கு முழுவதும் செல்லாது. எல்லோரும் கை தட்டினார்கள். அவனுக்குத்தான் தட்டினார்கள்.

மார்ச்சில் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் மேய்ச்சலுக்குப் போவதைக் கிடங்கிலிருந்து பார்ப்பேன். முழங்கால் பனியில் கூண்டுகளைச் சுமந்துகொண்டு போவாள். முதல் இரண்டு வாரம் ஆண்கள், பிறகு பெண்கள். இந்த வருடம் டை எட்டு டப்பா வாங்கியதாகக் கடைக்காரி சொன்னாள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பனிப்புயலால் இரண்டு வாரம் தள்ளிப்போய் இருபதாம் தேதிதான் போட்டி தொடங்கியது. இரண்டாம் வாரத்தில், புதன், வியாழன் இரண்டு நாள், பள்ளிக்கூடத்தில் நூறு பேருக்கு விருந்துச் சமையல். ஸ்டெஃபா விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அடுப்படியில். வெள்ளிக்கிழமை மேய்ச்சலுக்குப் போனவள் நேராக என்னிடம் வந்தாள்.

“மேட்டுல ஒண்ணுகூட இல்ல, கொர்னேலு. சத்தமே இல்ல.”

“யாரு?”

“தெரியாது. ஒடம்பெல்லாம் பொறுக்கி எடுத்துட்டுப் போயிருக்கான். வண்டித் தடம் இருக்கு, ஊர்ல பாதி வண்டிக்கு அதே டயர்தான். நாளைக்கு எண்ணுறப்ப நான் உன் பக்கத்துல உக்காருறேன். வேற ஒண்ணும் வேண்டாம்.”

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. என் மேசை, மேசையில் பழைய தார்ப்பாய், பக்கத்தில் ஸ்டெஃபா, அவள் மடியில் நோட்டு. சாக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. ஐந்தாவது சாக்கு டுவெய்ன் என்பவனுடையது. மேய்ச்சலிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி அவன் வயல். அவன் வால்களில் ஒன்றில், நுனிக்குக் கொஞ்சம் மேலே, மோதிரம் போட்டது போல ஒரு கறுப்பு வளையம். தார் என்று நினைத்துத் தேய்த்தேன். போகவில்லை.

“டை,” என்றாள் ஸ்டெஃபா. “முதுகுல போட்டா உங்களுக்கு வேண்டாம்ல? வால்தான வேணும்? அதான் இந்தத் தடவ வால்ல போட்டேன். எங்க மேய்ச்சல்ல பிடிச்ச ஒவ்வொண்ணுக்கும்.”

டுவெய்ன் முகம் வெளிறியது. “அக்கா, சத்தியமா நான் உங்க மேய்ச்சல் பக்கமே போகல. என் வயல்லதான் சுட்டேன்.”

“தெரியும்டா. இது ஒத்த வளையம், ஆம்பள. உன் வயலுக்கு அவனாத்தான் வந்திருக்கான். ஒன்றர மைலு.” நோட்டில் ஒரு வரியைத் தேடி, ‘போனான்’ என்று இருந்ததற்குப் பக்கத்தில் தூரத்தை எழுதினாள். அன்றைக்கு அவள் முகத்தில் நான் பார்த்த ஒரே சந்தோஷம் அதுதான்.

கடைசியில் ஓரெஸ்டின் சாக்கு. முந்நூற்று அறுபத்திரண்டு வால், எல்லோரையும்விட அதிகம். கவிழ்த்தேன். கறுப்பு வளையம், கறுப்பு வளையம். பிரித்து வைத்தேன். நாற்பது.

கூடமே அவனைத் திரும்பிப் பார்த்தது. ஓரெஸ்ட் சிரித்தான்.

“எதுக்கு எல்லாரும் என்னயே பாக்குறீங்க? என் தெக்கு வயல்ல சுட்டது. மேய்ச்சலுக்கு அடுத்த வேலி. ஆம்பள எலி ஊர் சுத்தும்னு அக்காதான பத்து வருஷமாச் சொல்லுது? இப்பதான டுவெய்னுக்கு ஒன்றர மைலுன்னு எழுதுச்சு? எனக்கு நூறு கெஜம் வராதா?”

ஃபெடோரக் தலையை ஆட்டினார். “அது நியாயந்தான ஸ்டெஃபா? நீ சொன்னதுதான அது?”

ஊரே தலையை ஆட்டியது. அவள் சொன்னபோதெல்லாம் நம்பாத ஊர், அவள் சொன்னது அவனுக்கு உதவுகிறது என்றதும் ஒரே நொடியில் நம்பிவிட்டது.

ஸ்டெஃபா எழுந்திருக்கவில்லை. “கொர்னேலு, அந்த நாப்பதுல ரெட்ட வளையம் இருக்கா பாரு.”

பார்த்தேன். முதலில் நான் கவனிக்கவில்லை. ஒரு வளையத்துக்குக் கீழே இன்னொன்று, விரல் அகலம் விட்டு. ஒவ்வொன்றாக எடுத்துத் தார்ப்பாயின் ஓரத்தில் வைத்தேன்.

“எத்தன?”

“ஒம்போது.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். குரல் உயரவே இல்லை.

“ஒத்த வளையம் ஆம்பள. அவன் எங்க வேணா சுத்துவான், உன் தெக்கு வயலுக்கும் வருவான், நான் இல்லேங்கல. ரெட்ட வளையம் பொண்ணு. நாலாம் நம்பர்க்காரி வம்சம். அவளுங்க அம்மா பொந்த விட்டு ஐம்பது அடி தாண்ட மாட்டாளுங்க. எந்தப் பொண்ணுடா வேலி தாண்டி உன் வயலுக்கு நடந்து வந்து சுடுன்னு நின்னா? சொல்லு. அங்கேயே இருந்தவளுங்கள நீ அங்க போய்த்தான் சுட்டிருக்க. ஒம்போதும் வயித்துல குட்டியோட.”

ஓரெஸ்ட் மேசையை நெருங்கினான். “எலிக்காகவா அக்கா, ஊர் முன்னாடி என்ன…”

“ஊர் முன்னாடிதான வார்த்த குடுத்த?”

“என் நெலம். என் நெலத்துல நான் சுடுறேன், எவன் கேக்குறது?”

ஃபெடோரக் இரண்டு கையையும் தூக்கினார். “விடுங்கப்பா, விடுங்க. இது அக்கா தம்பி விஷயம். வீட்டுல பேசித் தீத்துக்கட்டும். கொர்னேலு, அந்த நாப்பதக் கழிச்சுட்டுப் பாத்தாலும் ஓரெஸ்ட்டுதான முதல்ல வரான்?”

கணக்குப்படி வந்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு வருடம் ஒருத்தி பீயள்ளியது குடும்ப விஷயம். அவள் நிலத்தைப் பிடுங்கியது குடும்ப விஷயம். அதற்கு என் அப்பன் சாட்சிக் கையெழுத்து போட்டதும் குடும்ப விஷயம். நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

“ஏழாவது விதி. ஒரு வால் இருந்தாலும் சாக்கு முழுசும் செல்லாது. நீங்க கை தட்டுனீங்க, நான் எழுதுனேன். இவனுக்கு வால் பூஜ்யம். இனிமே உங்களுக்கு எண்ண நான் வர மாட்டேன். வேற எவனாச்சும் வால் புடிச்சுக்கிட்டு உக்காரட்டும்.”

ஓரெஸ்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நாலைந்து பேர் அவனைச் சமாதானப்படுத்தப் பின்னாலேயே ஓடினார்கள். அவளிடம் ஒருத்தரும் வரவில்லை. துப்பாக்கியை இரண்டாவது ஆளுக்குக் கொடுத்தார்கள், அவன் வாங்கிக்கொண்டான். பெரோகித் தட்டுகள் வந்தன. சாப்பிட ஆரம்பித்தார்கள், என் கண் முன்னாலேயே.

இதில் யார் ஜெயித்தது என்று என்னிடம் சிலர் கேட்கிறார்கள். யாரும் ஜெயிக்கவில்லை. அந்த ஜூலையில் அம்மா மேய்ச்சலுக்கு ஆண் குட்டிகள் வந்துவிட்டன, எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கத்துப் பொந்துகளிலிருந்து. கூட்டம் பழையபடி ஆனது. அவள் சொன்னது சரி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஊர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் நாலு வாரம் போட்டி வைக்க வேண்டும் என்றது. இலையுதிர் காலத்தில் ஓரெஸ்ட் யாரோ ஒரு விதவையைத் தேடி வேறு மாகாணத்துக்குப் போய்விட்டான். நிலம் இன்னும் அவன் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு மனதில் நிற்பது இவையெல்லாம் இல்லை.

அன்றைக்குக் கூடத்தில் எல்லோரும் தின்றுகொண்டிருக்கும்போது ஸ்டெஃபா நோட்டைத் தார்ப்பாயின்மேல் பிரித்து வைத்தாள்.

“ஒண்ணொண்ணா எடுத்துக் குடு கொர்னேலு.”

கொடுத்தேன். வளையத்தின் அகலமும் இடமும் பார்த்து அவளுக்கு எது எவளுடையது என்று தெரிந்தது. ஒவ்வொன்றின் எண்ணுக்கு எதிரேயும் ‘செத்தாள்’ என்று எழுதினாள். பேனா தாளை அழுத்திக் கிழித்தது. ஒன்பதையும் எழுதி முடித்த பிறகு ‘எதனால்’ என்ற பத்திக்கு வந்தாள். அதற்கு மேலே பத்து வருடமாக அவள் கையெழுத்து: பருந்து, பனி, வளைக்கரடி, பனி. பிறகு எழுதினாள். ஒன்பது வரியிலும் ஒரே சொல்தான், மேற்படி என்று குறிகூடப் போடாமல், ஒன்பது தடவையும் முழுசாக எழுதினாள்: என் தம்பி.

பக்கத்தின் அடியில் ‘பார்த்தவர்’ என்று ஒரு கோடு இருக்கும். எல்லாப் பக்கத்திலும் அதில் அவள் பெயர்தான். அன்றைக்கு நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

“நீயும் பாத்த. எழுது.”

அவள் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.